ஓர் அட்டை, ஒரு டப்பா பசை: தலையில் நிஜமாகவே மாட்டக்கூடிய வேடத் தலைக்கவசம்

நான் முதன்முதலில் செய்த தலைக்கவசம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வெள்ளி வண்ணம், நெற்றியில் ஜிகினா, ஓரத்தில் கறுப்புப் பட்டை. மாறுவேடப் போட்டியன்று காலை அக்கா மகன் தலையில் வைத்தபோதுதான் அது காதைத் தாண்டி இறங்காது என்று தெரிந்தது. "மாமா, அழுத்தாதீங்க, காது வலிக்குது" என்றான். கடைசியில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே மேடை ஏறினான். போர்வீரன் என்று அறிவித்தார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "சாப்பாட்டு கேரியரோட வந்திருக்கான் பாரு" என்றார்.

அதற்கப்புறம் ஏழெட்டு செய்துவிட்டேன். இப்போது வேலையை உள்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். வண்ணமும் ஜிகினாவும் கடைசி நாள் சமாச்சாரம். தலை எங்கே உட்காரும், மூச்சு எங்கே போகும், கண்ணுக்கு எது தெரியும், இந்த மூன்றும் முடிவான பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுகிறேன். கீழே சொல்லியிருப்பது எட்டுப் பட்டை கொண்ட, தாடைவரை மூடும் கவசம். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வேண்டாம். ஒரே தாள் அட்டையில் முழுக்க முடிந்துவிடும். விடுமுறை நாள் ஒன்றில் வெட்டி ஒட்டிவிடலாம். காய்ந்து, பட்டி பார்த்து, வண்ணம் அடிக்க மேலும் மூன்று நான்கு நாள் பிடிக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது வேடத்துக்கு மட்டும். வண்டி ஓட்டும்போது போடுகிற ஹெல்மெட்டோடு இதற்கு எந்த உறவும் கிடையாது.

முதலில் தலையை அளப்போம்

நான்கு அளவுகள் வேண்டும். தையல்காரர் டேப் ஒன்று போதும்.

முதல் அளவு தலையின் சுற்றளவு. புருவத்துக்கு மேலே ஒரு விரல் தள்ளி, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டுச் சுற்றவேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 58 செ.மீ. வரும். இரண்டாவது, மூக்கு நுனியிலிருந்து பின்மண்டைவரை உள்ள தூரம். சுவரில் பின்மண்டை படும்படி நிற்கச் சொல்லி, மூக்கு நுனிக்கு நேராக ஸ்கேலைச் சுவரில் முட்டவைத்துப் பாருங்கள். என் முதல் கவசத்தில் விட்டுப்போனது இதுதான். சுற்றளவை மட்டும் வைத்துச் செய்தால் மூக்குக்கும் காதுக்கும் இடம் இருக்காது. மூன்றாவது, தாடையின் அடியிலிருந்து உச்சந்தலைவரை. தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் படுக்கவைத்து அதற்கும் தாடைக்கும் நடுவே நேராக அளந்துகொள்ளுங்கள். முகத்தின் வளைவைப் பிடித்துக்கொண்டு டேப் போகக்கூடாது. நான்காவது, தாடையடியிலிருந்து கண்ணின் நடுவரை.

இனி கணக்கு. சுற்றளவோடு 22 அல்லது 23 செ.மீ. கூட்டி எட்டால் வகுத்தால் ஒரு பட்டையின் அகலம் கிடைக்கும். 57 செ.மீ. தலைக்கு 57-ம் 23-ம் 80, வகுத்தால் 10. இனிச் சொல்லும் அளவெல்லாம் இந்த 10 செ.மீ. கணக்குத்தான். 52 செ.மீ. தலையுள்ள பையனுக்கு 9.25 வரும், அப்போது கவசத்தின் மேல்பகுதியான கூம்பின் அளவுகள் எல்லாவற்றையும் 0.925-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டை அகலத்தை 2.6-ஆல் பெருக்கினால் கவசத்தின் மூலைக்கு மூலை உள்ள தூரம் வரும். 10-க்கு 26. இது உங்கள் இரண்டாவது அளவைவிட 3 செ.மீ.யாவது அதிகம் இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டைக்கு அரை செ.மீ. கூட்டுங்கள். பெரிதாகிவிட்டால் உள்ளே பஞ்சு வைத்துச் சரிக்கட்டலாம். சிறிதாகிவிட்டால் குப்பைதான். தலைக்கு ஒவ்வாததை வைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று, அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்திய புதிய தலைப்பாகை.

நேர்ச்சுவரின் உயரத்துக்கு மூன்றாவது அளவிலிருந்து 5 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். தாடையிலிருந்து உச்சிவரை 23 என்றால் சுவர் 18. அதற்குமேல், கீழ்ப்படி, உச்சி என்று இரண்டு அடுக்காக வரும் கூம்பு 8 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக எழும். மொத்தம் 26 சொச்சம். உச்சியில் 2 செ.மீ. மெத்தை போக, தாடைக்குக் கீழே ஒரு விரல் அளவு கவசம் இறங்கி நிற்கும்.

அட்டையும் மற்ற சாமான்களும்

பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பர் வேண்டாம். அது மெலிசு, பசை ஈரத்தில் தொய்ந்துவிடும். காலண்டர் அட்டை அதற்கு நேர் எதிர், மடித்தால் வெடிக்கும். நடுவில் இருப்பது ஐவரி போர்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வேலூர் லாங் பஜார் பக்கம் பேப்பர் கடைகளில் முழுத் தாளாகவே வாங்கலாம். 300 ஜிஎஸ்எம் கேளுங்கள். அதாவது ஒரு சதுர மீட்டர் அட்டை 300 கிராம் எடை. இந்தக் கவசத்துக்கு அதில் கால்பங்கு கூட ஆகாது என்பதால், வெறும் அட்டைக்கூடு சுமார் 70 கிராம்தான் நிற்கும். 22-க்கு 28 அங்குலத் தாள், அதாவது ஏறக்குறைய 56-க்கு 71 செ.மீ., ஒன்று போதும். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்; முதல் தாளைக் கெடுக்காதவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

தாளை வாங்கியதும் அதன் ஓட்டத்தைப் பாருங்கள். காகிதத்தில் நார்கள் ஒரு திசையில்தான் பெரும்பாலும் படுத்திருக்கும். மடிக்காமல், இரண்டு பக்கத்தையும் பிடித்து மெதுவாக வளைத்தால் ஒரு திசையில் சொன்னபடி கேட்கும், இன்னொரு திசையில் முரண்டு பிடிக்கும். சொன்னபடி வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் கவசத்தின் நெடுக்கு மடிப்புகள் வரவேண்டும். இதைக் கவனிக்காமல் குறுக்கே வரைந்தால் மடிப்பில் அட்டை பொரிந்து வெள்ளைப் பிசிறு எழும்பும். வண்ணம் அடித்தாலும் அது தெரியும்.

மற்ற சாமான்கள் வீட்டிலேயே இருக்கும். ஸ்டீல் ஸ்கேல், காம்பஸ், பேப்பர் கட்டர், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, இருபது துணி கிளிப், ஃபெவிகால், பழைய வேட்டித் துணி, செய்தித்தாள், மைதா.

வரைவது

நான்கு பட்டைகள் சேர்ந்த பலகை இரண்டு வேண்டும். ஒரு பலகையின் அகலம் 40 செ.மீ., அதோடு ஒரு ஓரத்தில் ஒட்டுவதற்கு 1.5 செ.மீ. இந்த ஒட்டும் விளிம்பை நான் காது என்று சொல்வது வழக்கம். இனி அப்படியே சொல்கிறேன். உயரம் 18 செ.மீ. சுவர், அதற்குமேல் 7 செ.மீ. கூம்பின் கீழ்ப்படி, அதற்கும்மேல் 1 செ.மீ. காது. ஆக 26. இப்படி இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் 52 செ.மீ. போகும். மீதமுள்ள இடத்தில் கூம்பின் உச்சி அடங்கிவிடும்.

18 செ.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். நெடுக்கே 10 செ.மீ.க்கு ஒரு கோடு. இப்போது ஒவ்வொரு பட்டையின் தலையிலும் 7 செ.மீ. மேலே, இரண்டு ஓரத்திலிருந்தும் 1.75 செ.மீ. உள்ளே தள்ளிப் புள்ளி வையுங்கள். புள்ளிகளைக் கீழேயுள்ள மூலைகளோடு இணைத்தால் அடியில் 10, மேலே 6.5 அகலமுள்ள நான்கு சரிவுகள் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தில் ஒவ்வொரு சரிவின் வலது ஓரத்துக்கும் ஒரு செ.மீ. காது வரையுங்கள். வலதென்றால் எல்லாவற்றுக்கும் வலது. ஒன்றுக்கு இடது வந்துவிட்டால் ஒட்டும்போது ஒரு மூலையில் இரண்டு காதும் இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லாமலும் நிற்கும்.

உச்சிக்கு எட்டு முக்கோணம் தனித்தனியாக வெட்டவேண்டியதில்லை. காம்பஸில் 8.9 செ.மீ. வைத்து ஒரு வட்டம் போடுங்கள். பிறகு காம்பஸை 6.5 செ.மீ.க்குக் குறைத்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பித்து எட்டு முறை நடத்துங்கள். ஒன்பதாவது அடி வைக்க இடம் இருக்காது. சின்னதாக ஒரு துண்டு மிஞ்சும். அந்த மிச்சத்தை வெட்டி எடுத்து இரண்டு ஓரத்தையும் சேர்க்கும்போதுதான் தட்டையான வட்டம் குடையாக எழும்புகிறது. மிச்சத்தில் ஒரு செ.மீ. காது விட்டு மற்றதை வெட்டுங்கள். புள்ளிகளை வட்டத்தின் வளைவால் அல்லாமல் நேர்க்கோட்டால் இணைக்கவேண்டும்.

கண் திறப்பையும் இப்போதே குறித்துவிடலாம். மூக்குக்கு நேராக வருவது பலகையின் நடு மடிப்பு, அதாவது இரண்டாம் மூன்றாம் பட்டைக்கு நடுவே உள்ள கோடு. அங்கே ஒட்டு வராது. ஒட்டு இரண்டும் போடுபவரின் காதுக்கு நேராகப் போய்விடும். நான்காவது அளவோடு 1.3 செ.மீ. கூட்டினால் அடியிலிருந்து கண்ணின் உயரம் கிடைக்கும். அந்த உயரத்தை நடுவாக வைத்து 2.5 செ.மீ. உயரமும் 6.5 செ.மீ. நீளமும் உள்ள திறப்பு, நடு மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. தள்ளி. பென்சிலால் மட்டும் குறியுங்கள். வெட்டுவது பிறகு.

மடிப்பு

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் இது. பாதிப் பேர் கெடுப்பதும் இங்கேதான். அட்டையை வெறும் கையால் மடித்தால் கோடு நேராக வராது. கட்டரால் மேலாகக் கீறி மடித்தால் நேராக வரும், ஆனால் அந்த இடத்தில் பலம் போய்விடும். நாலு தடவை மாட்டிக் கழற்றினால் கிழியும். வெட்டக்கூடாது, அழுத்தவேண்டும். மை தீர்ந்த பேனா அதற்குத்தான். அட்டைக்கு அடியில் ஒரு பழைய வார இதழை வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் பள்ளம் விழும். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பேனாவைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே வேகத்தில் இரண்டு முறை இழுங்கள். முதல் இழுப்பில் பளபளவென்று ஒரு கோடு விழும். இரண்டாவதில் விரலை வைத்தால் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். தாளைத் திருப்பினால் மறுபக்கம் மெல்லிய வரப்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு இழுப்பு.

மடிக்கும்போது அந்த வரப்பு உள்ளே போகவேண்டும், பள்ளம் வெளியே இருக்கவேண்டும். அச்சகத்தில் கிரீஸிங், அதாவது மடிப்புக் கோடு, போடுபவர்கள் கடைப்பிடிக்கும் முறை இது. பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். பள்ளத்தின் பக்கமாகத்தானே மடியவேண்டும் என்று கை தானாகவே போகும். ஒரு துண்டு அட்டையில் இரண்டு விதமாகவும் மடித்துப் பார்த்துவிடுங்கள், விளங்கிவிடும். ஆகவே கோடுகளை அட்டையின் வெளிப்பக்கத்திலேயே வரைந்து, வெளிப்பக்கத்திலேயே அழுத்தி, உங்களைவிட்டு விலகும் திசையில் மடியுங்கள். இந்தக் கவசத்தில் எல்லா மடிப்பும் மேட்டு மடிப்புத்தான், அதாவது மடித்த முனை வெளிப்பக்கம் மேடாக நிற்பது. முனை உள்ளே போகும் பள்ள மடிப்பு எங்கேயும் கிடையாது, குழப்பமில்லை.

நெடுக்கு மடிப்புகளை முழுக்க மடித்து நசுக்காதீர்கள். எட்டுப் பட்டை என்பதால் ஒவ்வொன்றும் 45 பாகைதான் திரும்பவேண்டும். அறுபது எழுபதுவரை மடித்துவிட்டால் தானாகத் தளர்ந்து சரியான இடத்துக்கு வரும். காதுகளை மட்டும் நன்றாக மடித்து நகத்தால் தேய்த்துவிடலாம்.

எல்லாக் கோட்டையும் அழுத்தி முடித்த பிறகே வெட்டவேண்டும். வெட்டிய துண்டில் ஸ்கேல் நிற்காது.

ஒட்டாமல் ஒரு ஒத்திகை

வெட்டியதும் பசையை எடுக்க ஆசை வரும். பொறுங்கள். இரண்டு பலகையையும் துணி கிளிப்பால் இணைத்து, மேலே கூம்பில்லாமல் வெறும் கூண்டாகத் தலையில் இறக்குங்கள். மூக்கு இடிக்கிறதா? போடுபவரின் காது மடங்குகிறதா? தலையை இடமும் வலமும் திருப்பினால் தோளில் முட்டுகிறதா? முட்டினால் பக்கப் பட்டைகளின் அடியில் ஒரு செ.மீ. குறைக்கலாம். பின்பக்கத்து இரண்டு பட்டைகளின் அடியில் 3 செ.மீ. கட்டாயம் வெட்டிவிடுங்கள். அதை விட்டால் மேலே நிமிர்ந்து பார்க்கும்போது கவசம் பிடரியில் முட்டி முன்னால் கவிழும்.

கண் திறப்பு சரியான உயரத்தில் இருக்கிறதா என்பதையும் இப்போதுதான் பார்க்கவேண்டும். போட்டிருப்பவரின் கண்ணுக்கு நேராக வெளியிலிருந்து பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். உச்சியில் மெத்தை வந்தபின் கவசம் கொஞ்சம் உயரும் என்பதால் மடித்த துண்டு ஒன்றைத் தலைமேல் வைத்து அளந்தால் உண்மையான உயரம் கிடைக்கும். அப்புறம் கழற்றித் தட்டையாக வைத்துத் திறப்பை வெட்டுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் லேசாக உருட்டினால் அங்கிருந்து கிழிசல் ஓடாது.

ஒட்டுவது

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். காதின்மேல் மெல்லிசாக, விரலாலோ பழைய ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தாலோ வழித்து விடுங்கள். பசை பிதுங்கினால் அதிகம் என்று அர்த்தம். ஒட்டி ஒரு நிமிடம் விரலால் அழுத்தி, மூன்று கிளிப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். முழுப் பலம் ஒரு நாள் கழித்துத்தான் வரும். குடியாத்தம் சிரசுத் திருவிழா சமயத்தில், அதாவது வைகாசி பிறக்கும் நேரத்து வெயிலில், அதெல்லாம் பாதி நேரத்தில் முடியும். ஐப்பசி அடைமழையில் இரட்டிப்பு நேரம் விடுங்கள்.

சின்ன டியூபில் வரும், இரண்டு விநாடியில் பிடிக்கும் பசை வேண்டாம். மடிப்பு அசையும்போது அது கண்ணாடி மாதிரி விரிசல் விடும். குளூ கன் வேகமானதுதான், ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது. இரண்டாவது கவசத்தை அதில்தான் ஒட்டினேன். கண்ணாடி ஏற்றிய காருக்குள் மதியம் இரண்டு மணி நேரம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பசை இளகி, எட்டுப் பட்டையும் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது.

வரிசை இப்படி: முதலில் பக்கத்து ஒட்டுகள் இரண்டு. கூண்டு காய்ந்ததும் கீழ்ப்படிச் சரிவுகளை ஒவ்வொன்றாக, எதிரும் புதிருமாக. முன்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது பின்பக்கம். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து கடைசி ஒட்டில் அரை செ.மீ. இடைவெளியாக நிற்கும். தனியாக உச்சிக் குடையை ஒட்டி முடித்து, மேல்காதுகள் எட்டையும் உள்ளே மடித்து, பசை தடவி, குடையை மேலிருந்து உட்காரவையுங்கள். உள்ளிருந்து ஒரு கை தாங்க, வெளியிலிருந்து ஒரு கை அழுத்தவேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

உள்பக்கம்

இப்போது கையில் இருப்பது பார்க்க முழுக் கவசம். அமுக்கினால் அமுங்கும். பலம் உள்ளிருந்து வரவேண்டும்.

முதலில் மூட்டுகள். பழைய வேட்டியை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, ஃபெவிகாலில் சமபங்கு தண்ணீர் கலந்து நனைத்து, எல்லா மடிப்பின் உள்பக்கமும் ஒட்டுங்கள். பருத்தித் துணி மடிப்பில் கீல் மாதிரி நிற்கும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி பசை குடிக்காது.

அது காய்ந்ததும் செய்தித்தாள். மைதாப் பசை வீட்டிலேயே காய்ச்சலாம். 100 கிராம் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். பைண்டிங் வேலை செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். இதில் சேர்க்காதீர்கள். அது விஷம், இந்தப் பசை பிள்ளையின் மூக்குக்கு அருகே இருக்கப்போகிறது. துத்தம் இல்லாத பசை எங்கள் ஊரில் மறுநாளே புளித்துவிடும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள்.

தாளை வெட்டாமல் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். வெட்டிய ஓரம் தழும்பாகத் தெரியும். முதல் சுற்றுக்குக் கறுப்பு வெள்ளைப் பக்கம், இரண்டாவது சுற்றுக்கு வண்ணப் பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். உள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று. உள்ளே மட்டும் ஒட்டினால் காயும்போது தாள் சுருங்கி அட்டையை உள்பக்கமாக இழுக்கும். வெளியேயும் ஒன்று இருந்தால் இழுப்பு சமமாகும்.

இன்னொரு முன்னெச்சரிக்கை, தலை நுழையும் அடிவாய்ப்பக்கம் குறுக்கே இரண்டு அட்டைப் பட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி முட்டுக்கொடுத்து நிறுத்துவது. ஈர அட்டை தன் எடையிலேயே நீள்வட்டமாகச் சரியப் பார்க்கும். முதல் நாள் நிழலில் மின்விசிறிக்கு அடியில் காயட்டும். மறுநாள் வெயில் காட்டலாம். ஈரத்தோடு மொட்டைமாடியில் வைத்தால் வெயில் பட்ட பக்கம் மட்டும் முறுக்கிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்ததும் உள்ளே ஒரு பூச்சு நீர்த்த ஃபெவிகால் கொடுத்துவிடுங்கள். மைதா கரப்பானுக்கு விருந்து. அந்தப் பூச்சு அதை மூடும்.

காற்றுக்கு வழி இப்போதே விடவேண்டும். வாய்க்கு நேராக இரண்டு முன்பட்டைகளிலும் ஆறேழு துளைகள். கூம்பின் கீழ்ப்படியில், பின்பக்கம் நான்கு துளைகள். சூடான மூச்சு மேலே ஏறி அங்கே வெளியேறும், கீழிருந்து புதுக் காற்று வரும். சூடாக்கிய கம்பியால் துளைத்தால் காகிதம் பற்றும். டிரில் பிட்டைக் கையாலேயே திருகினால் சுத்தமாக வரும்.

தலை உட்காரும் இடம்

வட ஆற்காட்டில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைக்கூத்து என்ற பெயரே ஆட்டக்காரர்கள் அணியும் மரக்கட்டை அணிகளால் வந்தது. அந்தக் கிரீடத்தோடு விடிய விடியச் சுற்றிச் சுழன்று ஆடுவார்கள், கழன்று விழாது. தலையில் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீடத்தை வைத்துக் கயிற்றால் கட்டுகிறார்கள். சின்ன வயதில் வேடம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தபோது அரிதாரத்தைவிட அந்தக் கட்டுத்தான் எனக்கு அதிசயமாக இருந்தது.

நம் கவசத்துக்கும் அதுதான் வழி. வெறும் அட்டை தலையில் படக்கூடாது. ஐந்து இடத்தில் மெத்தை வேண்டும்: உச்சியில், நெற்றியில், பின்மண்டையில், காதுக்கு மேலே இரண்டு பக்கமும். முழுக்க மெத்தை ஒட்டினால் காற்று நிற்கும், வேர்த்துக் கொட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சொந்தக்காரர் யாராவது ஷூ கம்பெனியில் இருந்தால், உள்தாளுக்கு வெட்டிய ஃபோம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிடப் பொருத்தமானது கிடையாது. இல்லையென்றால் பழைய யோகா பாயை வெட்டலாம். உச்சிக்கு 2 செ.மீ., மற்ற இடத்துக்கு முட்டாமல் அழுத்தாமல் இருக்கும் தடிமன். நெற்றி மெத்தையை மட்டும் தையல் கடையில் கிடைக்கும் வெல்க்ரோவில் ஒட்டுங்கள். வேர்வை முழுக்க அதில்தான் இறங்கும், கழற்றித் துவைக்கலாம். ஃபோமை ரப்பர் சொல்யூஷனால் ஒட்டினால் ஒரு நாள் முழுக்க வாடை போகும்வரை காற்றாட விட்ட பிறகே தலையில் போடவேண்டும்.

தாடைக்கு ஓர் அங்குல எலாஸ்டிக். காதுக்கு நேராக, ஒட்டு வரும் இடத்தில், உள்ளே வேட்டித் துணியோடு சேர்த்து ஒட்டுங்கள். அங்கே அட்டை இரட்டையாக இருப்பதால் இழுப்பைத் தாங்கும். தலையைக் குனிந்து நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கவசம் தலையோடு வரவேண்டும். தலை திரும்பிய பிறகு கவசம் திரும்பினால் காதுப்பக்க மெத்தை போதவில்லை.

வெளிப்பூச்சு

சுவருக்கு அடிக்கும் பட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மெல்லிசாக இரண்டு தடவை. தடிமனாகப் போட்டால் வெடிக்கும், எடையும் கூடும். காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், அப்புறம் 220. மடிப்பு விளிம்புகளில் அதிகம் தேய்க்காதீர்கள்; எட்டுப் பட்டையின் கூர்மைதான் அழகு. முதலில் முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும் வெள்ளி வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் பெரும்பாதி துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக இழுத்தால் அடிபட்ட இரும்பு மாதிரி வரும். ஸ்பிரே என்றால் திறந்தவெளியில், மூக்கை மூடிக்கொண்டு.

கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து செய்பவர்களுக்கு

ரோபோ, விண்வெளி வீரன் என்று சிக்கலான உருவம் வேண்டுமென்றால் பெப்பகுரா முறைக்குப் போகவேண்டும். பேப்பர் கிராஃப்ட் என்பதை ஜப்பானியர்கள் சுருக்கிச் சொல்லும் சொல் அது. முப்பரிமாண உருவத்தை மென்பொருள் தட்டையான துண்டுகளாக விரித்துத் தரும். சேரவேண்டிய ஓரங்களில் ஒரே எண் இருக்கும். பெப்பகுரா டிசைனரோடு வரும் பார்வை மென்பொருள் இலவசம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் காகித உருவமாக விரிக்கும் வசதி உண்டு. மேட்டு மடிப்புக்கும் பள்ள மடிப்புக்கும் வேறு வேறு புள்ளிக்கோடு இருக்கும். எது எது என்பதை முதல் பக்கத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவு மாற்றும்போது மேலே சொன்ன நான்கு அளவுகள்தான் இங்கேயும். ஆனால் ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது தாளுக்குப் பொருத்தி அச்சிடும் அமைப்பு தானாகவே விழுந்திருந்தால் எல்லாம் சில சதவீதம் சுருங்கும். முதல் தாளில் 10 செ.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து, கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை அச்சிடச் சொல்லுங்கள். முதல் முயற்சிக்கு நூறு துண்டுக்கு மேல் உள்ள கோப்பை எடுக்காதீர்கள்.

போடும்போதும் வைக்கும்போதும்

அந்தத் திறப்பு வழியாக எதிரே இருப்பவர் தெரிவார், காலடி தெரியாது. மேடைப் படியில் ஏற்றவும் இறக்கவும் ஒருவர் கையைப் பிடிக்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீர் கொடுங்கள். சித்திரை வெயிலில் அதற்கும் குறைவாக. கற்பூரத் தட்டு, குத்துவிளக்கு, மத்தாப்பு எதன் பக்கத்திலும் போகக்கூடாது. என்னதான் இரும்பு மாதிரி இருந்தாலும் அது காகிதம்.

கழற்றியதும் உள்ளே ஈரம் இருக்கும். மெத்தையைப் பிரித்துக் காயவைத்துவிட்டு, கவசத்தைத் தரையில் வைக்காமல் கவிழ்த்த குடத்தின்மேல் உட்காரவையுங்கள். தரையில் வைத்தால் வாய் விரிந்துவிடும், அடியில் ஈரமும் ஏறும். எங்கள் வீட்டில் அது சமையலறைப் பரணில் ஒரு பித்தளைக் குடத்தின்மேல் இருக்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போன அம்மா ஒருமுறை விளக்கைப் போட்டதும் அலறிவிட்டார். அதிலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறோம்.